கடைசி வாரங்களில் சரிந்த முன்னணி அணிகள்: 2007 மாதிரி ஒரு சீசன் இனி வர வழி இருக்கிறதா?

மலைநாட்டான்:

நவம்பர் பிறந்தாலே யாராவது ஒருவர் "இந்த வருடம் அப்படியே 2007 மாதிரி போகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முன்னணி அணி கடைசி நேரத்தில் தோற்பது எல்லா வருடமும் நடப்பதுதான். 2007-இல் வாராந்திர தேசிய வரிசைப் பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்த அணி ஒன்பது வாரத்துக்குள் ஏழு முறை தோற்றது. ஏழு முறையும் வேறு வேறு அணி!

அக்டோபர் 6-இல் யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா) சொந்த மைதானத்தில் ஸ்டான்ஃபோர்டிடம் 24-23 என்று விழுந்தது. பந்தயக் கணக்குப்படி அது யு.எஸ்.சி. 41 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். அடுத்த வாரம் முதலிடத்தில் இருந்த எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) கென்டக்கியிடம் மூன்று ஓவர்டைம் போய்த் தோற்க, அன்றிரவு ஜெயித்தால் முதலிடம் என்று இருந்த கலிஃபோர்னியா, ஒரிகன் ஸ்டேட்டிடம் 31-28 என்று தோற்றது. சமன் செய்யும் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து வாங்கும் மூன்று புள்ளி) தூரத்தில் நின்றுகொண்டு, டைம் அவுட் எதுவும் மிச்சமில்லாதபோது, அவர்களுடைய இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பந்தை எறியாமல் ஓடப் பார்த்தார், கடிகாரம் முடிந்துவிட்டது. அப்புறம் சவுத் ஃபுளோரிடா (1997-இல்தான் ஃபுட்பால் ஆடவே ஆரம்பித்த பல்கலைக்கழகம், பத்தே வருடத்தில் இரண்டாமிடம்) ரட்கர்ஸிடம் தோற்றது. மாட் ரயன் ஆடிய பாஸ்டன் காலேஜ் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம். தன் குவார்ட்டர்பேக் டென்னிஸ் டிக்சனின் முழங்கால் போன இரவில் ஒரிகன் அரிசோனாவிடம். நவம்பர் 24-இல் கேன்சஸ் மிசௌரியிடம். கடைசியாக டிசம்பர் 1-இல் எங்கள் வெஸ்ட் வர்ஜீனியா.

அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது மார்கன்டவுனில் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்தது பிட்ஸ்பர்க், நான்கு வெற்றி, ஏழு தோல்வி. பக்கத்து ஊர்ப் பகைக்கு அது 100-ஆவது ஆட்டம். 28 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயிப்போம் என்று கணக்கு. ஜெயித்தால் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் உறுதி. இரண்டாவது கால்பகுதியில் எங்கள் குவார்ட்டர்பேக் பாட் வைட்டின் கட்டைவிரல் பிசகி அவர் வெளியே போனார், அதோடு எங்கள் ஓட்டம் நின்றுபோனது. எங்கள் உதைப்பாளர் பாட் மக்காஃபியின் கிட்டத்துக் கிக்குகள் இரண்டும் தவறின. பிட்ஸ்பர்க்கின் லஷான் மெக்காய், முதல் வருட மாணவர், 148 யார்டு ஓடினார். 13-9. அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் கடைசிவரை ஏதோ ஒன்று நடக்கும் என்று நின்றோம், நடக்கவில்லை. அதே டிசம்பரில் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் மிஷிகனுக்குப் போய்விட்டார். அந்த அணி ஃபியஸ்டா பவுலில் (பவுல் என்றால் சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) ஓக்லஹோமாவை 48-28 என்று அடித்தது; அந்த வருடம் பட்டம் ஆடும் தகுதி எங்களுக்கு இருந்தது என்று இன்றும் முழுமனதோடு நம்புகிறேன்.

நாங்கள் பிட்ஸ்பர்க்கிடம் தோற்ற அதே இரவில் முதலிடத்து மிசௌரியும் ஓக்லஹோமாவிடம் 38-17 என்று தோற்றது. ஒரே இரவில் மேலே இருந்த இரண்டும் காலி.

என் வாதம் இதுதான்: அப்போது பட்டத்துக்கு இரண்டே இடம் இருந்ததால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படிக் கனத்தது. இப்போது பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் 12 இடம். ஒரு அணி நவம்பர் கடைசியில் தோற்றாலும் ஒன்றும் ஆவதில்லை. உங்கள் கருத்து?

புதியவன்:

நான் 2024-இல் இருந்துதான் பார்க்கிறேன், அதனால் அடிப்படைக் கேள்வி. லீக் மாதிரி புள்ளி அட்டவணை இருந்தால் எப்போது தோற்றாலும் ஒன்றுதானே? ஏன் செப்டம்பரில் தோற்றால் மன்னிப்பு, டிசம்பரில் தோற்றால் தண்டனை?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. மேல்நிலைப் பிரிவில் 120-க்கு மேல் அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது, எதிராளிகளின் தரமும் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு மாறும். அதனால் புள்ளி அட்டவணை சாத்தியமில்லை, யாராவது உட்கார்ந்து வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். 2007-இல் இருந்த பி.சி.எஸ். முறையில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வாக்கெடுப்புகள், மிச்ச ஒரு பங்கு கணினி வரிசைகள். கூட்டிப் பார்த்து முதல் இரண்டு இடம் யாருக்கோ அவர்கள் இறுதி ஆட்டம் ஆடுவார்கள், அரையிறுதியே கிடையாது.

வாக்களிப்பவர்கள் வாராவாரம் போன வாரப் பட்டியலை எடுத்து, தோற்றவர்களைக் கீழே இறக்கி, மற்றவர்களை மேலே ஏற்றுவார்கள். செப்டம்பரில் இறங்கியவனுக்கு ஏற இரண்டரை மாதம் இருக்கிறது, மேலே இருப்பவர்களும் ஒவ்வொருவராகத் தோற்பார்கள். நவம்பர் கடைசியில் இறங்கியவனுக்கு நேரமே இல்லை. முறையில் எங்கேயும் "கடைசித் தோல்விக்கு அதிக எடை" என்று எழுதியிருக்கவில்லை, ஆனால் விளைவு அதுதான்.

2006-ஐப் பாருங்கள். நவம்பர் 18-இல் முதலிடம் ஒஹையோ ஸ்டேட், இரண்டாமிடம் மிஷிகன், 42-39. மிஷிகன் அந்த சீசனில் அதுவரை தோற்றது அந்த ஓர் ஆட்டம், அதுவும் முதலிடத்து அணியின் மைதானத்தில், மூன்று புள்ளியில். ஃபுளோரிடாவும் ஒரு தோல்விதான், ஆனால் அக்டோபரில், ஆபர்னிடம். டிசம்பர் 2-இல் இரண்டாமிடத்து யு.எஸ்.சி. தன் ஊர்ப் பகையாளி யு.சி.எல்.ஏ.விடம் தோற்க, காலியான இடத்துக்கு மிஷிகனைத் தாண்டி ஃபுளோரிடா போனது. போய் ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கியது, அதனால் வாக்களித்தவர்களை யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை.

அந்த யு.சி.எல்.ஏ. ஆட்டத்தின் ஸ்கோர் என்ன தெரியுமா? 13-9. சரியாக அடுத்த வருடம் அதே வாரத்தில் மலைநாட்டாருக்கு நடந்ததும் 13-9.

லூசியானா அண்ணாச்சி:

2007 பற்றி இழை போட்டுவிட்டு சாம்பியன் யார் என்றே எழுதவில்லையே தம்பி! எல்.எஸ்.யூ. அந்த வருடம் இரண்டு முறை தோற்றது, இரண்டும் மூன்றாவது ஓவர்டைமில். கென்டக்கியிடம் 43-37, நவம்பர் 23-இல் நம் ஊர் பாட்டன் ரூஜிலேயே ஆர்கன்ஸாவிடம் 50-48. ஆர்கன்ஸாவின் டேரன் மெக்ஃபேடன் அன்று 206 யார்டு ஓடினார், நம்முடைய தடுப்பு ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை மறக்கவே முடியாது. அந்தத் தோல்வியில் ஏழாமிடத்துக்குப் போனோம். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள்.

டிசம்பர் 1-இல் டென்னஸியை 21-14 என்று ஜெயித்து கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்து ஆடும் குழு) பட்டம் வாங்கிய அதே நாளில்தான் மேலே இரண்டும் விழுந்தன, மறுநாள் பட்டியலில் நாம் இரண்டாமிடம். ஏழில் இருந்து இரண்டு, ஒரே நாளில். நான்காமிடத்தில் இருந்த ஜார்ஜியா ஆடாமலேயே ஐந்துக்கு இறங்கியது. வர்ஜீனியா டெக் மூன்றாமிடம், ஆனால் அவர்களை செப்டம்பரிலேயே 48-7 என்று அடித்திருந்தோம், அதை மறக்கச் சொல்ல முடியாது. ஜனவரி 7, 2008, நியூ ஆர்லின்ஸ் சூப்பர்டோமில் ஒஹையோ ஸ்டேட்டை 38-24. பி.சி.எஸ். இருந்த காலம் முழுக்க இரண்டு தோல்வியோடு அந்தப் பட்டம் வாங்கிய ஒரே அணி நாம்தான். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்தவர்கள் யார்?

ஒஹையோக்காரன்:

அண்ணாச்சி சொல்வது சரி, அன்றைக்கு நீங்கள்தான் பெரிய அணி, எங்களுக்கு அந்த இரவு முழுக்க மூச்சு முட்டியது.

ஆனால் மலைநாட்டாரின் முக்கிய வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2007-இல் நாங்களும் முதலிடத்தில் இருந்து நவம்பர் 10-இல் இலினாயிடம் சொந்த மைதானத்தில் 28-21 என்று தோற்றவர்கள்தான். அடுத்த வாரம் மிஷிகனை 14-3 என்று ஜெயித்ததோடு எங்கள் சீசன் முடிந்தது, அப்போது எங்கள் பிக் டென்னில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டமே கிடையாது. இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தே முதலிடத்துக்கு வந்தோம். கனமான சனிக்கிழமைகள் என்கிறீர்கள், அதில் எங்களுக்குக் கிடைத்தது ஆடாமல் கிடைத்தது. அதை நியாயமான முறை என்று ஒரு ஒஹையோ ரசிகனாகவே என்னால் சொல்ல முடியாது.

இப்போது 2024. நவம்பர் 30, மிஷிகன் ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு எங்கள் ஊர் கொலம்பஸுக்கு வருகிறது. நாங்கள் இரண்டாமிடம். 13-10 என்று தோற்றோம், 45 விநாடி மிச்சம் இருக்கும்போது டொமினிக் ஸ்வாடா அடித்த ஃபீல்டு கோலில். மிஷிகனிடம் தொடர்ச்சியாக நான்காவது தோல்வி. மிஷிகன்காரர்கள் எங்கள் மைதானத்தில் கொடி நடப் போய் அடிதடியாகி போலீஸ் மிளகுத்தூள் ஸ்பிரே அடித்த அசிங்கம் வேறு. எங்கள் பயிற்சியாளர் ரயன் டேயை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று ஊரே பேசியது. அந்தத் தோல்வி "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாரம் கொலம்பஸில் இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

பிளேஆஃபில் எட்டாவது இடம் கிடைத்தது. டென்னஸியை 42-17, முதலிடத்து ஒரிகனை 41-21, டெக்சஸை 28-14, நோட்டர் டேமை 34-23. நான்கு பேரையும் மைதானத்தில் ஜெயித்து வாங்கிய பட்டம். அந்த மிஷிகன் ஆட்டத்தோடு வெளியே தள்ளியிருந்தால் அந்த வருடத்தின் நல்ல அணி எது என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

மலைநாட்டான்:

வலித்ததில் சந்தேகமே இல்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் கேட்பது மிஷிகன் பக்கத்தில் இருந்து. ஆறு வெற்றி மட்டும் வைத்திருந்த ஓர் அணி, பரம எதிரியின் சீசனை முடித்துவைக்கும் வாய்ப்போடு அங்கே வந்து ஆடி ஜெயித்தது. முன்பு அந்த உதை உண்மையிலேயே முடித்துவைத்திருக்கும். நான்கு வெற்றி வைத்திருந்த பிட்ஸ்பர்க் எங்களை முடித்துவைத்தது, அந்த வருடத்து பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பேச அது இருக்கிறது. 2024 மிஷிகனுக்கும் பேச்சு இருக்கிறது, ஆனால் கடைசியில் கோப்பை கொலம்பஸில்தானே.

மூன்று ஆறு:

பிட்ஸ்பர்க்கில் இருந்து எழுதுகிறேன், எங்களுக்கு வாழ்நாளுக்கும் போதும் என்பது நிஜம். மலைநாட்டார் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்: உண்மையான வித்தியாசம் 13-7. கடைசி விநாடிகளில் எங்கள் ஆள் வேண்டுமென்றே தன் எல்லைக்குப் பின்னால் ஓடி வெளியேறி இரண்டு புள்ளியை விட்டுக்கொடுத்தார், கடிகாரத்தைக் கரைக்க. அந்த மாதிரி புத்திசாலித்தனமான முடிவுகளை அன்று எங்கள் பயிற்சியாளர் டேவ் வான்ஸ்டெட் அடுத்தடுத்து எடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. 2016 நவம்பர் 12, பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் பட்டியலில் இரண்டு, மூன்று, நான்கு இடங்களில் இருந்த க்ளெம்சன், மிஷிகன், வாஷிங்டன் மூன்றும் ஒரே நாளில் தோற்றன. க்ளெம்சனை அவர்கள் ஊரிலேயே 43-42 என்று முடித்தது நாங்கள். 2017 நவம்பர் 24, இரண்டாமிடத்தில் தோல்வியே இல்லாமல் வந்த மயாமியை 24-14. எங்கள் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் முதல் முறையாகத் தொடக்கத்தில் இருந்து ஆடிய ஆட்டம் அது. நாங்கள் அந்த சீசனை முடித்தது ஐந்து வெற்றி ஏழு தோல்வியோடு.

மலைநாட்டாரின் வாதத்துக்கு எதிராக இதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் தோற்ற க்ளெம்சன்தான் அந்த வருட சாம்பியன், அலபாமாவை 35-31 என்று ஜெயித்து. 12 அணி முறை வருவதற்கு எட்டு வருடம் முன்பே, பிளேஆஃபில் நான்கு அணி மட்டும் இருந்தபோதே, கடைசித் தோல்வியில் இருந்து எழுந்து வர வழி இருந்தது. அதனால் எங்கள் வெற்றியின் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை, சாம்பியனை அவன் வீட்டில் வைத்து ஜெயித்தவர்கள் என்று இன்னும் பெருமையாகத்தான் சொல்கிறோம்.

டல்லஹாசி ரசிகை:

நான்கு அணி முறை என்றதும் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. இங்கே எல்லோரும் கடைசியில் தோற்றவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஃபுளோரிடா ஸ்டேட் 2023-இல் தோற்கவே இல்லை. 13-0. கான்ஃபரன்ஸ் பட்டம். ஆனாலும் வெளியே!

நவம்பர் 18-இல் எங்கள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து போனார். அதற்குப் பிறகும் பரம எதிரி ஃபுளோரிடாவை ஜெயித்தோம், மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு லூயிவில்லை 16-6 என்று ஜெயித்தோம். அதே நாளில் அலபாமா, முதலிடத்து ஜார்ஜியாவை 27-24 என்று ஜெயிக்க, ஜார்ஜியா ஒன்றில் இருந்து ஆறுக்கு, அலபாமா நான்குக்கு, நாங்கள் ஐந்துக்கு. அலபாமா செப்டம்பரில் தன் சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்ற அணி. காரணம் கேட்டால் "குவார்ட்டர்பேக் இல்லாத அணி அதே அணி கிடையாது" என்றார்கள்.

2014-ஐ நினைத்துப் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட்டும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடுதான் வந்தது, கார்டேல் ஜோன்ஸ். விஸ்கான்சினை 59-0 என்று அடித்ததும் ஐந்தில் இருந்து நான்குக்கு ஏற்றினார்கள். மூன்றாமிடத்து டி.சி.யூ. அதே நாளில் 55-3 என்று ஜெயித்தும் ஆறுக்கு இறங்கியது. அந்த மூன்றாவது ஆள்தான் கடைசியில் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே குழு, அதே விதிகள், ஒன்பது வருடம் கழித்து எங்களுக்கு மட்டும் வேறு நியாயம். ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றோமே என்று யாரும் வர வேண்டாம், பாதி அணி ஆடாமல் விலகியபின் நடந்த ஆட்டம் அது, ஆடியவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு.

மலைநாட்டாரே, உங்கள் இரண்டு இடக் கனவு எனக்கு வேண்டாம். அந்தப் பையன்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

மலைநாட்டான்:

உங்கள் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தோற்காத அணியை வெளியே வைத்ததை நான் எந்த முறையிலும் ஆதரிக்கமாட்டேன். இரண்டு இடம் என்ற முறையே திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதில் இருந்த கனம் போய்விட்டது என்கிறேன்.

ஸ்டில்வாட்டர்:

சுருக்கமாக ஒன்று. இரண்டு இடம் முறைக்குச் சாவுமணி அடித்தது எங்கள் தோல்விதான். 2011 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. தோல்வியே இல்லாத இரண்டாமிடத்து ஓக்லஹோமா ஸ்டேட், ஐயோவா ஸ்டேட்டிடம் 37-31 என்று இரண்டாவது ஓவர்டைமில் தோற்றது. முந்தைய நாள்தான் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் இருவர் விமான விபத்தில் இறந்தார்கள். அந்த மனநிலையில் ஆடிய ஆட்டத்தை வைத்து எங்களைத் தள்ளினார்கள். அலபாமா ஏற்கெனவே எல்.எஸ்.யூ.விடம் 9-6 என்று தோற்று, தன் கான்ஃபரன்ஸ் பட்டம்கூட வாங்காமல், அதே எல்.எஸ்.யூ.வோடு இறுதி ஆட்டம் ஆடப் போனது. நாடு முழுக்க அதற்கு வந்த எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே நான்கு அணி முறை முடிவானது.

கணக்குப்பிள்ளை:

கனம் போகவில்லை மலைநாட்டாரே, இடம் மாறியிருக்கிறது. இரண்டாமிடத்தில் இருந்தது இப்போது பத்து, பதினொன்று, பன்னிரண்டாமிடத்துக்குப் போயிருக்கிறது. 2024 நவம்பர் 23 அன்று ஏழாமிடத்தில் இருந்த அலபாமா, ஐந்து வெற்றி ஐந்து தோல்வி வைத்திருந்த ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோற்றது. அதே நாளில் ஓலே மிஸ், ஃபுளோரிடாவிடம் 24-17. இரண்டு அணிக்கும் அது பெரிய அடி. அப்புறம் டிசம்பரில் க்ளெம்சனின் நோலன் ஹவுசர் 56 யார்டில் இருந்து கடைசி உதையை அடித்து எஸ்.எம்.யூ.வை 34-31 என்று ஜெயித்தபோது, அந்த ஓர் உதை எத்தனை அணிகளின் வரிசையைப் புரட்டியது என்று பாருங்கள். க்ளெம்சன் உள்ளே வந்தது, எஸ்.எம்.யூ. விளிம்பில் தொங்கிப் பதினொன்றாவதாகத் தப்பித்தது, அலபாமா வெளியே.

மேலே இருப்பவர்களுக்கும் செலவு உண்டு. முதல் நான்கு இடத்துக்கு முதல் சுற்று ஓய்வு. 2024-இல் அது கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும் என்று இருந்தது, 2025-இல் இருந்து நேராகப் பட்டியல்படி. ஆக நவம்பர் கடைசியில் தோற்றால் ஓர் ஆட்டம் அதிகம். (2024-இல் ஓய்வு வாங்கிய ஒரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்கும் காலிறுதியிலேயே தோற்றன என்பது உண்மைதான், ஆனால் ஒரு வருடத்தை வைத்து ஓய்வே கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன்.)

மலைநாட்டான்:

விளிம்பில் நடப்பது பரபரப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொன்றாவது யார் என்ற கேள்வியும் முதல் இரண்டு பேர் யார் என்ற கேள்வியும் ஒன்றாகுமா? என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை, இதில் நாம் வேறுபட்டே இருப்போம்.

புதியவன்:

இன்னொரு கேள்வி. 2007-இல் கேன்சஸை ஜெயித்தது மிசௌரி. ஆனால் பழைய முடிவுகளைப் பார்த்தால் ஆரஞ்சு பவுல் ஆடியது கேன்சஸ். எப்படி?

கணக்குப்பிள்ளை:

இந்த இழையில் எனக்கு மிகவும் மனசு கஷ்டப்படுத்தும் விஷயம் அதுதான். ஆரோஹெட் மைதானத்தில் மிசௌரி 36-28 என்று ஜெயித்தது, அதனால் முதலிடம், அதனால் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம், அதில் ஓக்லஹோமாவிடம் தோல்வி. ஆக மொத்தம் இரண்டு தோல்வி, இரண்டுமே ஓக்லஹோமாவிடம். கேன்சஸ் மிசௌரியிடம் தோற்றதாலேயே அந்த இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை, ஒரு தோல்வியோடு நின்றது. ஒரு கான்ஃபரன்ஸில் இருந்து இரண்டு அணிதான் பெரிய பவுல்களுக்குப் போக முடியும், ஓர் இடம் சாம்பியன் ஓக்லஹோமாவுக்கு. கடைசிப் பட்டியலில் மிசௌரி ஆறு, கேன்சஸ் எட்டு, ஆனால் ஆரஞ்சு பவுல்காரர்கள் கேன்சஸைக் கூப்பிட்டார்கள். கேன்சஸ் அங்கே வர்ஜீனியா டெக்கை 24-21 என்று ஜெயித்தது, மிசௌரி காட்டன் பவுலில் ஆர்கன்ஸாவை 38-7 என்று அடித்துத் தீர்த்தது.

ஒஹையோக்காரன்:

2017 அலபாமாவும் இதே வழிதான். நவம்பர் 25-இல் ஆபர்னிடம் 26-14 என்று தோற்று, கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் ஆடாமல் வீட்டில் இருந்து, நான்காவதாக உள்ளே வந்து, ஜார்ஜியாவை ஓவர்டைமில் 26-23 என்று ஜெயித்து சாம்பியன். அவர்களை ஜெயித்த ஆபர்னோ, அந்த வெற்றியால் கிடைத்த இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் தோற்று வெளியே. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியைப் பட்டியலில் கீழே இறக்கக் கூடாது என்று விதியாகவே எழுத வேண்டும், எத்தனை அணி வைத்து ஆடினாலும் சரி.